மூட் டிராக்கர் செயலி: இறக்கியதும் முதலில் பட்டியலை மாற்றுங்கள்

மனநிலையைக் குறித்துவைக்கும் செயலியை ஆசையாக இறக்கிவிட்டு, நாலாம் நாளே மறந்துபோகிறவர்கள் அதைத் தங்கள் சோம்பல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செயலியைத் திறந்ததும் வரும் பட்டியல் வேறு யாருடைய வாழ்க்கையையோ நினைத்து எழுதியது. அதில் நம் நாள் இல்லை. இல்லாத நாளை எத்தனை தடவை குறிப்பது?

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் அண்ணிக்கு டேலியோ என்ற மூட் டிராக்கர் செயலியைப் போட்டுக் கொடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "இன்னாப்பா இது, பார்ட்டின்னு கீது, டேட்டுன்னு கீது. நான் எதை அழுத்தறது?" அண்ணி ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறார். காலையில் கம்பெனி வண்டி, சாயங்காலம் கம்பெனி வண்டி. வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறோமே என்பதுதான் அவர் கவலை. அவருக்குச் செய்து கொடுத்ததையே உங்களுக்கும் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எந்தச் செயலி

இதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கும் டேலியோ புதியவர்களுக்குப் போதும். ஒரு முகத்தைத் தொட்டு, அன்று நடந்தவற்றின் படங்களைத் தொட்டால் பதிவு முடிந்தது. எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உணர்வுகளைக் கொஞ்சம் நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஹவ் வீ ஃபீல் செயலியைப் பார்க்கலாம், காசு கேட்காது. ஐபோனில் ஐஓஎஸ் 17 வந்த 2023 முதல் ஹெல்த் செயலிக்குள்ளேயே மனநிலையைக் குறிக்கும் வசதி இருக்கிறது. "இந்த நிமிஷம் எப்படி இருக்கிறேன்", "இன்றைய நாள் மொத்தத்தில் எப்படி" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்கும். அந்தப் பிரிவு எனக்குப் பிடித்த விஷயம்.

மூன்றில் எதை எடுத்தாலும் முதல் நாளே பூட்டுப் போட்டுவிடுங்கள். வீட்டில் ஒரு போன் நாலு கைக்குப் போகும். பிள்ளை கேம் ஆட எடுப்பான், மாமியார் வாட்ஸ்அப் பார்க்க எடுப்பார். யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் மோசமான நாளைக்கூட "சுமார்" என்றுதான் குறிப்பீர்கள். டேலியோவில் ரகசிய எண் போட்டுப் பூட்டும் வசதி (PIN lock) அமைப்புகளுக்குள் இருக்கிறது. அதன் பதிவுகள் உங்கள் போனிலேயே இருக்கும். ஆகவே போன் தொலைந்தால் பதிவும் போச்சு. கூகுள் டிரைவில் பேக்கப் எடுக்கும் வசதியை அப்போதே இயக்கி வையுங்கள்; ஐபோன் என்றால் ஐகிளவுட்.

படி 2: பட்டியலைக் கலைத்துப் போடுங்கள்

முழு வேலையும் இந்தப் படியில்தான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

டேலியோவில் "மோர்" பகுதிக்குள் "எடிட் ஆக்டிவிட்டீஸ்" இருக்கும். உங்களுக்குச் சம்பந்தமில்லாத எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு தாளை எடுங்கள். நேற்று காலை கண் விழித்ததிலிருந்து படுக்கும்வரை நடந்ததை வரிசையாக எழுதுங்கள். முந்தாநாளையும் எழுதுங்கள். எதெல்லாம் சில நாள் நடந்து சில நாள் நடக்காமல் போகிறதோ அதை மட்டும் வட்டமிடுங்கள். தினமும் தவறாமல் நடப்பதைக் குறித்துப் பயனில்லை. தினமும் பல் தேய்க்கிறோம்; அதை வைத்து நல்ல நாளையும் கெட்ட நாளையும் பிரிக்க முடியாது.

அண்ணியின் தாளில் வட்டம் விழுந்தவை இவை: வண்டி லேட், ஓவர்டைம், மதியச் சாப்பாடு மிச்சம், தண்ணி பாட்டில் அப்படியே வந்தது, ராத்திரி கரண்ட் போச்சு, தூக்கம் கம்மி, தலைவலி, மாதவிலக்கு, தண்ணி லாரி வரல, சீட்டு கட்டும் நாள், அம்மா வீட்டுக்குப் பேசினேன், ரீல்ஸ் பார்த்தேன்.

இவற்றைத் தமிழிலேயே தட்டச்சு செய்தோம். செயலியின் மெனு ஆங்கிலத்தில் இருந்தால் இருக்கட்டும்; தினமும் கை தொடும் இடம் நம் பேச்சில் இருந்தால் போதும்.

உங்கள் தாள் வேறு மாதிரி இருக்கும். காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி சென்னையில் வேலைக்குப் போய்வரும் சீசன் டிக்கெட்காரருக்கு "உட்கார இடம் கிடைத்தது", "நின்றுகொண்டே வந்தேன்" இரண்டும் கட்டாயம் வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் நோன்பு வைப்பவர்களுக்கு "நோன்பு", "சஹருக்கு (விடியுமுன் சாப்பிட) எழுந்தேன்" வேண்டும். லாங் பஜாரில் கடை வைத்திருப்பவர் "கல்லா மந்தம்" என்று ஒன்று போட்டுக்கொள்ளலாம். எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன்: "வெயில்". கத்திரி சமயத்தில் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதில்லை. ராத்திரியிலும் சுவர் சுடும், தூக்கம் வராது. மறுநாள் வரும் எரிச்சலுக்கு நம் குணத்தைத் திட்டிக்கொண்டிருப்போம்.

பட்டியல் பதினைந்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் தேடவே அலுப்பாகிவிடும்.

படி 3: ஐந்து முகங்களுக்கு நீங்களே பெயர் வையுங்கள்

டேலியோவின் ஐந்து முகங்களும் மிக நல்லதிலிருந்து மிக மோசம்வரை வரிசையாக இருக்கும். பெயர்களை மாற்றிக்கொள்ளலாம். அண்ணி வைத்தவை: சூப்பர், பரவால்ல, சுமார், கடுப்பு, முடியல.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கோபமும் துக்கமும் இரண்டுமே "கடுப்பு" முகத்துக்குக் கீழே போய் விழும். ஆனால் இரண்டும் வேறு. கோபத்தில் உடம்பு துடிக்கும்; துக்கத்தில் உடம்பு ஓய்ந்துகிடக்கும். உளவியலாளர் ஜேம்ஸ் ரஸ்ஸல் 1980-ல் உணர்வுகளை இப்படி இரண்டு அச்சில் வைத்துக் காட்டினார்: ஒன்று இனிமையா கசப்பா, இன்னொன்று உடம்பில் வேகம் எவ்வளவு. ஹவ் வீ ஃபீல் செயலியின் நான்கு நிறங்களும் இந்த இரண்டு அச்சில் பிரிந்தவைதான். டேலியோவில் இதற்குக் குறுக்கு வழி, பட்டியலில் "படபடப்பு", "ஓய்ஞ்சு போச்சு" என்று இரண்டைச் சேர்ப்பது. கடுப்பு முகத்தோடு இதில் ஒன்றையும் தொட்டுவிட்டால் பின்னால் பிரித்துப் பார்க்கலாம்.

படி 4: எப்போது குறிப்பது

ராத்திரி படுக்கும்போது ஒரே ஒரு தடவை குறிப்பது எளிது. ஆனால் அதில் அந்த ராத்திரி மனநிலைதான் பதியும். சாயங்காலம் சண்டை நடந்திருந்தால் காலையில் சிரித்ததெல்லாம் ஞாபகத்தில் நிற்காது. ஆராய்ச்சியாளர்களும் இதற்காகத்தான் பிறகு கேட்காமல் அந்தந்த நேரத்தில் கேட்கிறார்கள். 2010-ல் சயின்ஸ் இதழில் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் வெளியிட்ட ஆய்வில் 2,250 பேரின் போனுக்கு இடையிடையே கேள்வி அனுப்பி, "இப்போது என்ன செய்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள், மனசு வேலையில் இருக்கிறதா வேறெங்காவது ஓடுகிறதா" என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட பாதி நேரம் மனசு வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. ஓடிய நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது.

நமக்கு அத்தனை தடவை வேண்டாம், இரண்டு போதும். கடிகாரத்தை நம்பாமல் தினமும் நடக்கும் ஒன்றோடு கட்டிவிடுங்கள். அண்ணிக்கு முதல் பதிவு சாயங்காலம் வண்டியில் உட்கார்ந்ததும். இரண்டாவது, பிள்ளைகள் தூங்கியதும். நினைவூட்டலும் அந்த நேரத்துக்கே வைத்தோம். நினைவூட்டல் வரவில்லை என்றால் செயலியைக் குறை சொல்ல வேண்டாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி சேமிப்பு வசதி பின்னணிச் செயலிகளை அமுக்கிவிடும். போன் அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய்க் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

குறிப்பு எழுதும் இடத்தில் ஒரு வரி போதும். அண்ணியின் ஒரு செவ்வாய்க்கிழமைப் பதிவு: முகம் கடுப்பு, படபடப்பு, தலைவலி, தண்ணி பாட்டில் அப்படியே, ஓவர்டைம் இல்லை. குறிப்பில், "பெரியவன் ஹோம்வொர்க் நோட்டு காணோம்னான், கத்திட்டேன். நோட்டு பைலயே கீது." இந்த ஒரு வரி இல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்து அந்தச் செவ்வாய் எதற்குக் கடுப்பு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஒரு நாள் விட்டுப்போனால் விட்டுவிடுங்கள். மறுநாள் உட்கார்ந்து யோசித்து நிரப்ப வேண்டாம், அது கற்பனை. தொடர்ச்சியாக எத்தனை நாள் குறித்தீர்கள் என்று செயலி காட்டும் எண்ணிக்கையை நான் கண்டுகொள்வதே இல்லை.

படி 5: மூன்று நாலு வாரம் எதையும் பார்க்காதீர்கள்

வரைபடத்தைத் தினமும் திறந்து பார்த்தால் அதைப் பார்த்தே மனநிலை மாறும். சும்மா குறித்துக்கொண்டே போங்கள்.

படி 6: படிப்பது எப்படி

புள்ளிவிவரப் பகுதியில் வரும் சராசரியை முதலில் பார்க்க வேண்டாம். காலையில் சூப்பர், ராத்திரி முடியல என்றிருந்த நாள் சராசரியில் "சுமார்" ஆகிவிடும். உண்மையில் அது சுமாரான நாளே இல்லை. ஒவ்வொரு செயலாகத் தொட்டு, அது இருந்த நாட்களில் எந்த முகம் அதிகம் வந்திருக்கிறது என்று பாருங்கள்.

அண்ணி முதலில் தொட்டது ஓவர்டைம். அதுதான் காரணம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓவர்டைம் நாட்களில் முகங்கள் கலந்துகட்டி இருந்தன. சில "பரவால்ல" கூட. அடுத்து "தண்ணி பாட்டில் அப்படியே வந்தது". வரிசையாகக் கடுப்பு, கடுப்பு, முடியல. தலைவலியும் பெரும்பாலும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். நடுவுல எழுந்தா லைன் நிக்கும், திட்டு விழும். அதான் குடிக்கறதில்ல." எந்தச் செயலியின் பட்டியலிலும் இல்லாத காரணம் இது. தாளில் எழுதி வட்டம் போட்டதால் கிடைத்தது.

ஆனால் உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். மூன்றே தடவை குறித்த செயலை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போன நாளெல்லாம் சூப்பர் என்று காட்டினால், கோயிலாலா, அன்று ஞாயிறு விடுமுறை என்பதாலா என்று கேளுங்கள். ஒரு வேலை நாளில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். ரீல்ஸ் இன்னும் குழப்பம். பார்த்ததால் மனசு சரியில்லையா, மனசு சரியில்லாததால் பார்த்தோமா என்பதை வரைபடம் சொல்லாது. எது முதலில் வந்தது என்பதற்குத்தான் அந்த ஒரு வரிக் குறிப்பு.

படி 7: ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒரே மாற்றம். தூக்கம், சாப்பாடு, நடை என்று எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. அண்ணி எடுத்தது தண்ணீர். வண்டி ஏறும் முன் ஒரு டம்ளர், காலை டீ இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பு, மதியம் சாப்பாட்டோடு, திரும்பும் வண்டியில் மிச்சம். தலைவலிக் குறிகள் கண்ணுக்குத் தெரியக் குறைந்தன. கத்துவது நின்றுவிட்டதா என்றால் இல்லை. சீட்டு கட்டும் நாளில் இன்னும் அதே கடுப்புதான். அதற்குத் தண்ணீரால் ஒன்றும் செய்ய முடியாது.

குறிக்கக் குறிக்க மனசையே நோண்டிக்கொண்டிருக்கிறோம், முன்பைவிடப் படபடப்பு கூடுகிறது என்று தோன்றினால் செயலியை நிறுத்திவிடுங்கள். சிலருக்கு இது ஒத்துவராது.

படி 8: செயலி போதாத இடம்

இரண்டு வாரமாகக் கிட்டத்தட்ட எல்லா நாளும் கீழ் முகம், எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டது என்று பதிவு காட்டினால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வைக் கண்டறியும் கேள்வித்தாள்கள் சிலவும் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான் கேட்கின்றன. வேலூர்க்காரர்களான நமக்கு இதில் அலைச்சல் குறைவு. சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் 1957 முதல் பாகாயத்தில் இயங்குகிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போனில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை. இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் முகத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே அந்த எண்ணை அழுத்துங்கள், பக்கத்தில் இருப்பவரையும் கூப்பிடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது போனை அப்படியே நீட்ட வேண்டாம், அவருக்கு நேரம் இருக்காது. கடைசி ஒரு மாத வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒரு தாளில் நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை நாள் "முடியல", தூக்கம் எத்தனை மணி நேரம், எதோடு சேர்ந்து வருகிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். "எப்படி இருக்கீங்க?" என்று அவர் கேட்டதும் வழக்கம்போல் "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதற்கு முன் தாளை மேஜைமேல் வைத்துவிடுங்கள்.