ஊர்ப் பத்திரிகையில் வரி விளம்பரம் பார்க்கிறீர்களா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய டோங்காட், வெருலம், சாட்ஸ்வர்த் பக்கம் வீடு தேடுபவர்கள் உள்ளூர் வாரப் பத்திரிகையின் வரி விளம்பரங்களை நிதானமாகப் படியுங்கள். 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று போட்டிருந்தால் வீட்டை இருக்கிற நிலையிலேயே விற்கிறார்கள் என்று அர்த்தம், அப்புறம் கூரை ஒழுகுகிறது என்று போய் நின்றால், விற்றவர் தெரிந்தே மறைத்தார் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். அதனால் நல்ல மழை பெய்த மறுநாள் போய், கூரைக்கு அடியில் மஞ்சள் கறை இருக்கிறதா, சுவரோரம் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மின் வயரிங் சான்றிதழ் 2 வருடத்துக்குள் எடுத்ததா என்றும் கேளுங்கள்.

அதே பக்கத்தில் பொடி எழுத்தில் இறந்தவர் சொத்து பற்றிய அறிவிப்பும் வரும். இறந்தவருக்கு நீங்கள் கைமாற்றாகக் கொடுத்த பணம் வர வேண்டியிருந்தால் இதை விட்டுவிடாதீர்கள், அந்தப் பணத்தைக் கேட்கப் பொதுவாக 30 நாள்தான் கெடு. அரசிதழிலும் வரும், ஆனால் அதை நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நன்றி அறிவிப்பு கொடுப்பவர்களுக்கு ஒன்று: அடையாள அட்டையில் உள்ள பெயரோடு வீட்டில் கூப்பிடும் பெயரையும் சேருங்கள், இல்லாவிட்டால் பழைய அக்கம்பக்கத்தாருக்கு யாரென்றே தெரியாது. தேவாரம் பாடியவர்கள், சமையலுக்கு நின்றவர்கள் எல்லோரையும் மறக்காமல் குறிப்பிடுங்கள், அது அவர்களுக்குப் பெரிய விஷயம். வீட்டு முகவரி வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் படியைக் கேட்டு வாங்கி, பெயர்களின் எழுத்தை மட்டுமாவது ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.