காலையில் ஆபரேஷன், மாலையில் வீடு: ஏ.சி.எல். சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு கிழிந்தவர்களுக்குச் செய்யும் ஆபரேஷனைப் பல இடங்களில் இப்போது டே கேராகவே செய்கிறார்கள். மாலையே வீட்டுக்கு அனுப்புவதால் சின்ன ஆபரேஷன் என்று நினைத்துவிடுகிறார்கள். தொடைத் தசைநாரை எடுத்து, கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக இரண்டு எலும்புகளிலும் துளையிட்டுப் பொருத்தும் வேலை இது. வார்டில் நர்ஸ் கவனிப்பதையெல்லாம் முதல் இரவில் வீட்டார்தான் கவனிக்க வேண்டும்.

அவசரப்படுவது முதல் தவறு. வீங்கி விறைத்த முழங்காலோடு ஆபரேஷனுக்குப் போனால் பின்னால் மூட்டு இறுகிப்போகலாம். வீக்கம் வற்றி, கால் முழுதாக நீளும்வரை பிசியோதெரபி செய்துகொள்ளுங்கள். மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் குருத்தெலும்பு கிழிந்து மூட்டு பூட்டிக்கொண்டால் கதை வேறு; அப்போது இப்படிக் காத்திருக்க முடியாது. ஊன்றுகோலில் படியேறவும் முன்பே பழகிவிடுங்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்.

பொதுவாக உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். பால் காபி உணவுக் கணக்கில்தான் சேரும். விடியற்காலையில் ஒரு வாய் குடித்துவிட்டு வந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும்.

நரம்பு மரப்பு ஊசி போட்டிருந்தால் மாலையில் வலியே தெரியாது. 'மாத்திரை எதற்கு' என்று விட்டுவிட்டால், நள்ளிரவில் மரப்பு விலகியதும் வலி மொத்தமாக வந்து இறங்கும். அதற்குப் பிறகு மாத்திரை போட்டு அடக்குவது கஷ்டம். சொன்ன நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். மரத்த கால் திடீரென மடங்கும். பாத்ரூமுக்குத் தனியாக எழுந்து போகாதீர்கள்.

எல்லா வீட்டிலும் பாசத்தோடு செய்கிற தவறு ஒன்று உண்டு: முழங்காலுக்கு அடியில் தலையணை. மடங்கிய நிலையில் இதமாகத்தான் இருக்கும். ஆனால் கால் அப்படியே சில வாரம் மடங்கிக் கிடந்தால் முழுதாக நீட்ட முடியாமல் போய், நடையே கோணலாகிவிடும். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் தொங்கி, தானாக நேராகும். அப்படியே தொடைத் தசையை 5 விநாடி இறுக்கி விடுங்கள். ஒரு தடவைக்கு 10 முறை. ஐஸை நேரடியாகத் தோலில் வைக்காமல் துணி சுற்றி 15 நிமிடம் வைத்தால் போதும்.

கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் வந்தாலோ, காய்ச்சலோடு காயத்தில் நீர் கசிந்தாலோ, ஸ்பைனல் மயக்கத்துக்கு (முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வது) பின் சிறுநீர் போகாவிட்டாலோ, உடனே போன் செய்யுங்கள். மூச்சுத்திணறல் என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு.

இரண்டாம் மாதத்தில் வலி போய்விடும். பந்தை உதைக்கக் கால் பரபரக்கும். புதிய ஜவ்வு பலவீனமாக இருக்கும் காலம் அதுதான். மைதானத்துக்குத் திரும்ப 9 மாதமாவது ஆகட்டும். அப்போதும் தொடைத் தசையின் வலுவை அளந்து, மறுகாலின் வலுவில் 90 சதவீதமாவது வந்திருந்தால்தான்.