கடனுக்கும் முறை வைப்போம்: மாதச் சம்பளக்காரர்களுக்கு ஒரு செய்முறை

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே எங்கள் ஊர். கல்லணைக் கால்வாய்ப் பாசனம். மேட்டூரில் தண்ணீர் குறைவாக இருக்கிற வருஷங்களில் எல்லா வாய்க்காலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டால் ஒரு வயலும் நனையாது. அதனால் முறை வைப்பார்கள். இத்தனை நாள் இந்த வாய்க்காலுக்கு, அப்புறம் அடுத்ததற்கு. முறை வந்த வாய்க்காலில் தண்ணீர் முழுசாகப் போகும், மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

கடனை அடைக்கவும் எனக்குத் தெரிந்து உருப்படியான வழி இதுதான். தஞ்சாவூரில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் பில் போடுகிறேன். சம்பளம் 21,000 ரூபாய். போன வருஷம் தை மாதம் எனக்கு இருந்த கடன் 2,50,900. இந்த ஆடியில் அம்மாவின் நகைக் கடனில் 40,000 மட்டும் பாக்கி. எப்படிச் செய்தேன் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். தொகைகளை உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுவது

செல்போனில் வேண்டாம், 80 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, மாதம் எந்தத் தேதி என்று நான்கு கட்டம். என் நோட்டின் முதல் பக்கம் இது:

கிரெடிட் கார்டு: 38,000
ஊரில் வாங்கிய 3 வட்டிக் கடன்: 50,000
குழுக் கடன்: 26,000 (மாதம் 2,450)
ஸ்கூட்டி தவணை: 31,900 (மாதம் 2,900, இன்னும் 11 மாதம்)
வங்கி நகைக் கடன்: 90,000
தோழியிடம் கைமாத்து: 15,000

நகைக் கடன் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு வைத்தது. தென்னை எல்லாம் சாய்ந்துவிட்டது. அப்பா புதிதாகக் கன்று வைக்க அம்மா சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே இருந்தோம், அசல் அப்படியே நின்றது.

இதோடு நோட்டை மூடிவிடாதீர்கள். எடுத்து முடித்த சீட்டும் கடன்தான், மீதித் தவணைகளைக் கூட்டி எழுதுங்கள். மளிகைக் கடை நிலுவையும் கடன்தான். எல்லாவற்றையும்விட முக்கியம் மொய்.

மொய்யைக் கடன் என்று சொன்னால் எங்கள் பக்கம் பெரியவர்களுக்குக் கோபம் வரும். ஆனால் வாங்கிய மொய்யைக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும் என்பது அவர்களே சொல்லிக்கொடுத்ததுதானே? பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்துகள் வரிசையாக நடக்கும். ஒரே வாரத்தில் நான்கு பத்திரிகை வந்த வருஷமும் உண்டு. வீட்டில் இருக்கும் மொய் நோட்டை எடுத்து, யார் யார் நமக்கு எவ்வளவு எழுதியிருக்கிறார்கள், அவர்களில் யார் வீட்டில் அடுத்த ஒரு வருஷத்தில் காதுகுத்து, கல்யாணம், விருந்து வரப்போகிறது என்று அம்மாவோடு உட்கார்ந்து கேட்டேன். அம்மா வாயாலேயே பட்டியல் வந்தது. கூட்டினால் 12,000. அதுவரை அந்த 12,000 என் எந்தக் கணக்கிலும் இல்லை. ஒவ்வொரு ஆடியிலும் என் கார்டில் நிலுவை ஏன் ஏறுகிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அன்றிலிருந்து மாதம் 1,000 ரூபாய் தனி டப்பாவில் மொய்க்கென்று போகிறது.

இரண்டாம் படி: வட்டியை ஒரே அளவில் பார்ப்பது

ஊரில் "3 வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். வருஷத்துக்கு 36 சதவீதம். வங்கி 9 சதவீதம் என்று சொல்வது வருஷத்துக்கு. எல்லாவற்றையும் மாத வட்டியாக மாற்றி எழுதினால்தான் எது கடிக்கிறது என்று தெரியும்.

50,000 ரூபாய்க்கு 3 வட்டியில் மாதம் 1,500 போகும். அதே 50,000 வங்கி நகைக் கடனாக 9 சதவீதத்தில் இருந்தால் 375 ரூபாய். வீட்டில் சும்மா இருக்கிற நகை இருந்தால், வட்டிக்கடனை நகைக் கடனாக மாற்றுவது நல்ல வழி. ஒரு நிபந்தனை: மிச்சமாகும் 1,125 ரூபாயை அதே கடனில் அசலாகக் கட்ட வேண்டும். இல்லையென்றால் நகையும் உள்ளே, பணமும் செலவு. என்னிடம் நகை மிச்சமில்லை, அதனால் இந்த வழி எனக்கு இல்லை.

கார்டுதான் என்னை அதிகம் ஏமாற்றியது. மாதம் 3.5 சதவீதம். "குறைந்தபட்சம் 1,900 கட்டினால் போதும்" என்று குறுஞ்செய்தி வரும், நானும் ஒழுங்காகக் கட்டுவேன். ஒரு நாள் பேப்பரில் பிரித்துப் பார்த்தேன். 38,000க்கு வட்டி 1,330. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 239. மீதி 331 ரூபாய்தான் அசலில் கழிந்தது. 1,900 கட்டி 331! இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு நோட்டை மூடி வைத்துவிட்டேன், அன்று இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: நிலுவை இருக்கும்போது கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். நிலுவை தீரும்வரை கார்டை அம்மாவின் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஷாப்பிங் செயலிகளில் சேமித்து வைத்த கார்டு எண்ணையும் அழித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: எதைத் தவறவே விடக்கூடாது

சம்பளம் வந்த அன்றே, வேறு எதற்கும் தொடாமல், கட்டாயத் தவணைகள் போக வேண்டும். எனக்கு அது குழுவுக்கு 2,450, ஸ்கூட்டிக்கு 2,900, கார்டுக்குக் குறைந்தபட்சம் 1,900, ஊர் வட்டி 1,500, நகை வட்டிக்கு எடுத்து வைப்பது 675, தோழிக்கு 1,000, மொய்க்கு 1,000. மொத்தம் 11,425. வீட்டுச் செலவுக்கு அம்மா கையில் 6,500. எனக்கு 1,500.

இதில் குழுக் கடன் தனி ரகம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற பெண்கள் சேர்ந்து கட்ட வேண்டும். கூட்டம் நடக்கும் திண்ணையில் எல்லாரும் காத்துக்கொண்டிருக்க, ஒரு அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது. அதனால் வட்டி குறைவோ கூடவோ, குழுத் தவணை முதலில்.

அதே காரணத்துக்காக, "உன் பேருல எடுத்துக் கொடு, நான் கட்டிடறேன்" என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். என் 26,000இல் பாதி அப்படி வேறொருவருக்காக எடுத்தது. மூன்று தவணைக்குப் பிறகு பணம் வரவில்லை, பேச்சும் நின்றுவிட்டது. "என் பேருல ஏற்கெனவே இருக்கு அக்கா, இன்னொன்னு எடுத்தா என்னால தாங்க முடியாது" என்று முன்பே சொல்லியிருந்தால் உறவாவது மிஞ்சியிருக்கும்.

கடனில் கூடுதலாகக் கட்டத் தொடங்கும் முன் ஒரு 5,000 ரூபாயைத் தனிக் கணக்கில் சேருங்கள். காய்ச்சல், வண்டி ரிப்பேர் என்று வரும்போது மறுபடி வட்டிக்குப் போகாமல் இருக்க அது வேண்டும்.

நான்காம் படி: முறை வைப்பது

இப்போது கையில் மிஞ்சுவது எனக்கு 1,575. சாயங்காலம் எட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன், அதில் 2,400. ஆக 3,975. இதை ஆறு கடனுக்கும் பிரித்துப் போட்டால் ஒன்றும் தெரியாது. மாத வட்டி எதில் அதிகமோ அதற்கு மட்டும் முழுசாகத் திறந்துவிட வேண்டும். எனக்கு முதல் முறை கார்டுக்கு.

1,900ஓடு 3,975 சேர்த்து மாதம் 5,875 கட்டினேன். முதல் மாதம் நிலுவை 33,700 அளவுக்கு இறங்கியது. நான்காம் மாதம் 20,000க்குக் கீழே வந்தது. எட்டாம் மாதம், ஆவணியில், கார்டு முடிந்தது.

அடுத்த முறை 3 வட்டிக்கு. கார்டுக்குப் போய்க்கொண்டிருந்த 5,875 அப்படியே இந்தப் பக்கம் திரும்பியது. ஊர்க் கடனில் அசலைச் சில்லறையாக வாங்க மாட்டேன் என்பார்கள். தனிக் கணக்கில் சேர்த்து, பத்தாயிரம் பத்தாயிரமாகக் கொடுங்கள், குறைந்த அசலுக்குத்தான் அடுத்த மாத வட்டி என்று அப்போதே பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும், கடன் வாங்கும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இதற்குள் ஸ்கூட்டியும் குழுவும் முடிந்ததால் அந்தத் தொகைகளும் இதிலேயே சேர்ந்தன. பங்குனிக்குள் முடிந்தது. சித்திரையிலிருந்து எல்லாத் தண்ணீரும் நகைக் கடனுக்கு.

சின்னக் கடனை முதலில் முடித்தால் உற்சாகம் வரும் என்று சிலர் சொல்வார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் என்றால் சரி, முடித்துவிடுங்கள். அதற்கு மேல் என்றால் வட்டிதான் வரிசையை முடிவு செய்ய வேண்டும் என்பது என் எண்ணம்.

வீட்டில் விவசாயம் இருந்தால் காலண்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் பள்ளிக்கூடச் செலவு, ஆடியில் மொய், ஐப்பசியில் தீபாவளி. சம்பா நெல்லை அறுத்து நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்டால் தை, மாசி வாக்கில் பணம் கணக்குக்கு வரும். அது மொத்தமாக வருகிற பணம். கொஞ்சமாவது அசலுக்குப் போக வேண்டும் என்று அறுப்புக்கு முன்பே வீட்டில் பேசிவைத்துவிடுங்கள். கூட்டுறவு சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடனுக்கு உரிய காலத்தில் கட்டினால் வட்டியே இல்லை. அந்தத் தேதியைத் தாண்டவிடுவது கையில் இருப்பதைத் தூக்கிப் போடுவது போல.

ஐந்தாம் படி: தோழிகளிடம் சொல்வது

எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த படி இதுதான். 15,000 கொடுத்த தோழியின் அழைப்பை நான் ஏழு மாதமாக எடுக்கவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் எதிரே வந்துவிட்டாள். அங்கேயே நின்று, "ஒரே தடவையா தர முடியலடி. மாசம் ஆறாம் தேதி ஆயிரம் போடறேன், பதினஞ்சு மாசம்" என்று சொன்னேன். "பணம் எப்ப வேணா வரட்டும். நீ போன் எடுக்காததுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு" என்றாள்.

வட்டி இல்லாத கடன்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். தொகை சின்னதாக இருக்கட்டும், தேதி மாறக் கூடாது. கூகுள் பேயில் போட்டதும் "3/15" என்று அனுப்புவேன். எத்தனையாவது தவணை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வேலை இடத்தில், கூட இருப்பவர்கள் சேலை வாங்குவதும் சனிக்கிழமை ஹோட்டலுக்குப் போவதும் நிற்காது. ஒவ்வொரு தடவையும் தலைவலி, வேலை என்று பொய் சொல்வது உங்களைத்தான் தனியாக்கும். "கடன் அடைக்கிறேன், அடுத்த பங்குனி வரைக்கும் ஹோட்டலுக்கு வரல. காபிக்கு வர்றேன்" என்று ஒரு தடவை சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு பேர் என்னிடம் தனியாக வந்து, நோட்டு எப்படிப் போடுவது என்று கேட்டார்கள்.

காபியை நிறுத்தாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆறு மணிக்குக் கடையை மூடிவிட்டு நின்றபடி குடிக்கிற அந்தக் காபியில்தான் நாளின் பாதி பாரம் இறங்குகிறது. அதை என் 1,500க்குள் எழுதிவைத்தேன். நிறுத்தியது இரவு பத்து மணிக்கு மேல் இன்ஸ்டாகிராமில் சேலை பார்ப்பதை. ஏதாவது பிடித்தால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதுவேன், பதினைந்து நாள் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம். எழுதிய இருபத்துமூன்றில் வாங்கியது இரண்டு.

டியூஷனை வாரம் ஐந்து நாளோடு நிறுத்திக்கொண்டேன். ஏழு நாளும் எடுத்த மாதம் காய்ச்சலில் படுத்து, நான்கு நாள் சம்பளம் போனது.

ஆறாம் படி: யாராவது மிரட்டினால்

வங்கி, நிதி நிறுவன வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் போன்றவற்றுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது, போலீசில் புகார் கொடுக்கலாம். தெரியாத செயலியில் கடன் எடுத்துப் பழைய கடனை அடைக்கவே வேண்டாம்.

ஏழாம் படி: முடிந்த கடனின் காகிதங்கள்

பணத்தைக் கட்டியதும் வந்துவிடாதீர்கள். ஊர்க் கடன் என்றால் புரோநோட்டு, எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக், பத்திரம் எல்லாவற்றையும் அன்றே திரும்ப வாங்குங்கள். வண்டி என்றால் தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்.சி. புக்கில் இருக்கும் கடன் குறிப்பை நீக்க வேண்டும். கார்டு என்றால் கணக்கு முடிந்ததற்கான கடிதம். "பாதி கட்டுங்கள், செட்டில் பண்ணிக்கொள்ளலாம்" என்று ஆசை காட்டினால் யோசியுங்கள், நாம் கடன் கட்டிய விவரம் ஏறும் கடன் அறிக்கையில் அது முழுசாக முடித்த கடனாகப் பதிவாகாது. அந்த அறிக்கையைத் தயாரிக்கும் சிபில் போன்ற நிறுவனங்கள் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கடைசித் தவணை கட்டி இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள்.

நகைக் கடன் என்றால் அடகு ரசீதில் இருக்கும் எடையை அங்கேயே தராசில் போட்டுச் சரிபார்த்து வாங்க வேண்டும். ரசீதை நோட்டின் அட்டைக்குள் செருகி வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். சங்கிலியின் கொக்கியில் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், அதை வைத்தே தன்னுடையதுதானா என்று பார்த்துச் சொல்லிவிடுவார்.