நிறுத்தி வைத்த காரில் எலி புகாமல் தடுப்பது எப்படி?

கடலூரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கெடிலம், தென்பெண்ணைக் கரையோர வயல்களில் எலி வளைகள் தண்ணீரில் மூழ்கிவிடும். எலிகள் மேடு தேடி வீட்டுப் பக்கம் வரும். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர் ஷெட்டில் விட்டுச்சென்ற கார் அவற்றுக்கு நனையாத, ஆள் தொல்லை இல்லாத இடம். முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்வதால், பசி இல்லாவிட்டாலும் ஒயரைக் கடிக்கும்.

ரச கற்பூர உருண்டை, புகையிலை, புதினா எண்ணெய் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வாசனை சில நாளில் போய்விடும், எலி போகாது. வழியை அடைப்பதுதான் வேலை.

1. தீனியை எடுங்கள். சீட்டுக்கு அடியில் கிடக்கும் முறுக்குத் துண்டு, டிக்கியில் மறந்த பண்ருட்டி முந்திரிப் பொட்டலம் எதுவும் மிஞ்சக் கூடாது. டிஷ்யூ தாளையும் அகற்றுங்கள், கூடு கட்ட உதவும். ஷெட்டில் நெல்லோ மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையோ இருந்தால் மூட்டைக்கு வேறு இடம் பாருங்கள்.

2. துளைகளை அடையுங்கள். பென்சில் பருமன் இடைவெளி சுண்டெலிக்குப் போதும். எனவே 6 மி.மீ.க்கு மேல் கண் இல்லாத கம்பி வலை வாங்குங்கள். தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் உப்புக்காற்றில் சாதாரண இரும்பு வலை துருப்பிடித்துவிடும். எவர்சில்வர் வலைக்குக் கூடுதலாகச் செலவழிப்பதில் தவறில்லை. ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் குழாய், முன் கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் துளைகள், சைலென்சர் வாய் மூன்றிலும் வலையை இறுக்கிக் கட்டுங்கள். ஏ.சி.யை, வெளிக்காற்று வராமல் உள்காற்றே சுழலும் நிலையில் வைத்துவிட்டு இன்ஜினை அணையுங்கள். எங்கெங்கே வலை கட்டினீர்கள் என்று ஒரு சீட்டு எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டுங்கள். சைலென்சரை மறந்து வண்டியைக் கிளப்பக் கூடாது.

3. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். ஒயர் கடிபட்டாலும் ஷார்ட் ஆகாது.

4. பூட்டிய ஷெட் என்றால் பானெட்டைத் திறந்தே வையுங்கள். இருட்டு இல்லாத இடத்தில் எலி குடியேறத் தயங்கும். தரையைத் தொடும் கவர் அதற்கு மறைவிடம்தான்.

5. தினமும் பார்க்க வீட்டில் ஆள் இருந்தால் மட்டும் பொறி வையுங்கள். எலி சுவரை ஒட்டியே ஓடும். பொறியும் அங்கேதான் இருக்க வேண்டும். உள்ளே நெத்திலிக் கருவாடு அல்லது சுட்ட தேங்காய்ச் சில்லு. விஷம் வேண்டவே வேண்டாம். தின்ற எலி டேஷ்போர்டுக்குள் போய்ச் செத்தால், நாற்றம் போக மெக்கானிக் பாதிக் காரைப் பிரிக்க நேரிடும். அந்த எலியைத் தின்னும் பூனைக்கும் ஆபத்து.

6. ஊர் திரும்பியதும் சாவியைத் தொடாதீர்கள். வலைகளை எடுத்துவிட்டு ஒயர், பெட்ரோல் குழாய், ஏர் ஃபில்டர் பெட்டி எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். புழுக்கை இருந்தால் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், தூசு மூச்சில் ஏறும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சலும் வரலாம். கையுறை, முகக்கவசம் அணிந்து, பிளீச்சிங் பவுடர் கரைசலால் நனைத்து, சில நிமிடம் ஊறவிட்டுத் துணியால் துடையுங்கள். உலோகப் பாகங்களை மறுபடி நல்ல தண்ணீரில் துடைத்து உலர்த்திய பிறகு பேட்டரியை இணைக்கலாம்.