ஃபெரட் கவச வண்டி: டயர் அளவு ஒன்றாக இல்லாவிட்டால் பெவல் பாக்ஸ் போகும்

ஃபெரட்டில் டிஃபரன்ஷியல் ஒன்றுதான். அது இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் சக்தியைப் பிரிக்கும். ஆனால் ஒரே பக்கத்து முன் சக்கரமும் பின் சக்கரமும் கியரால் பூட்டியவை. சுற்றளவில் 10 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் மூன்றரை மீட்டர் ஒத்துப்போகாது. மண்ணில் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க முடியாததால் அந்த வித்தியாசம் முறுக்காக மாறி ஷாஃப்டிலும், சக்தியைச் சக்கரத்தின் பக்கம் திருப்பிவிடும் கியர் பெட்டியான பெவல் பாக்ஸிலும் ஏறி நிற்கும். கடைசியில் பல் உடையும். உதிரிபாகம் தேடி அலைவதைவிட டயரை அளப்பது எவ்வளவோ மேல்.

முதலில் நாலு டயரிலும் காற்றழுத்தத்தைச் சமமாக வையுங்கள். பிறகு டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியை நேராக ஒரு முழுச் சுற்று தள்ளி, தரையில் அளந்து பாருங்கள். ஒரே பக்கத்து இரண்டும் ஒத்திருப்பதுதான் முக்கியம். புது டயர் என்றால் நாலையும் ஒரே கம்பெனியில், ஒரே மாடலில் மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

நியூட்ரலில் விட்டதும் பிரேக் பிடித்ததுபோல் வண்டி சட்டென நின்றால் முறுக்கு ஏறியிருக்கிறது. சாலையோர மண்ணில் ஒரு பக்கச் சக்கரங்களை இறக்கி மெதுவாகச் சில மீட்டர் ஓட்டுங்கள், பிறகு மறுபக்கம். ஜாக்கியில் தூக்குவதானால் கையைத் தள்ளியே வையுங்கள்: தரையை விட்டதும் சக்கரம் தானாகவே வெடுக்கென்று சுழலும்.