மினி டிராக்டரில் கைதாங்கி சீட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சரிவான விளைகளில் நாள் முழுக்க ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) ஓட்டுகிறவருக்கு இடுப்பு கழன்றுபோகும். கைதாங்கி வைத்த சீட் வேண்டும் என்று குமரி மாவட்டத்து விவசாயிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் புதிதாக மாற்றுகிறவர்கள் பலரும் அதே குழிகளில்தான் போய் விழுகிறார்கள். நட்டை இறுக்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. வண்டி ஆடும்போது அது தானாகத் தெரிந்துவிடும்.

ஆள் உட்காராமல் அளவெடுப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். பழைய சீட்டின் போல்ட் துளைகளை டேப் வைத்து அளக்கிறார்கள். துளை பொருந்தினால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். துளை பொருந்தாவிட்டால்கூட அடியில் ஒரு பட்டை கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். கைதாங்கி எங்கே வந்து நிற்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

பெரும்பாலான டிராக்டர்களில் ஹைட்ராலிக் லிவர் ஓட்டுநரின் வலது பக்கம், மட்கார்டை ஒட்டி இருக்கும். அதைத் தள்ளினால் பின்னால் உள்ள கருவி இறங்கும், இழுத்தால் ஏறும். காலி சீட்டில் கைதாங்கிக்கும் லிவருக்கும் நடுவே நாலு விரல் இடம் தெரியும். ஆள் உட்கார்ந்ததும் சுருள்வில்லும் நுரையும் அமுங்கி, கைதாங்கியும் கூடவே இறங்கும். மேடுபள்ளத்தில் இன்னும் இறங்கி லிவரின் தலையைத் தட்டும்.

பூதப்பாண்டி பக்கம் ஏத்தன் வாழை போட்டிருக்கும் ஒருவருக்கு இதுதான் நடந்தது. ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு வரப்பைத் தாண்டினார். வண்டி குலுங்கியதில் கைதாங்கி லிவரைத் தள்ள, சுழன்றுகொண்டிருந்த கத்திகள் கல்கட்டிய ஓடைக்கரையில் இறங்கின. கத்திகள் முறிந்தன, தண்டு வளைந்தது. பழுதுபார்த்த செலவில் இன்னும் சில சீட் வாங்கியிருக்கலாம். தூக்கும்போது பி.டி.ஓ.வை, அதாவது எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் தண்டை, நிறுத்தியிருக்க வேண்டும் என்பது வேறு. பின்னால் கன்று ஊன்றும் ஆள் யாராவது நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்துங்கள். வண்டி ஓட்டப்போகிறவரையே புது சீட்டில் உட்கார வையுங்கள். சீட்டை முன்கோடி வரையும் பின்கோடி வரையும் நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் லிவரை முழு நீளத்துக்கும் தள்ளி இழுத்துப் பாருங்கள். விரல்முட்டி எங்கேயும் உரசக் கூடாது. அவரைச் சற்றே எம்பி அமரச் சொல்லி, கைதாங்கி எவ்வளவு இறங்குகிறது என்று பக்கத்தில் குனிந்து பாருங்கள். மேலே மடக்கக்கூடிய கைதாங்கியே வாங்குங்கள். சரிவில் அவசரமாக இறங்க வேண்டி வந்தால் மடங்காத கைதாங்கி வழிமறிக்கும்.

சீட்டடி சுவிட்சை நேரடியாக இணைப்பது

வயர்களை நேரடியாகச் சேர்த்து சுவிட்சை வேலை செய்யாமல் ஆக்குவதைச் செய்யவே செய்யாதீர்கள். ஆள் கீழே விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்காக வைத்தது அது.

உயரம்

மெத்தை தடிமனாக இருந்தால் ஆள் உயர்ந்துவிடுவார், கால் எட்டாது. கிளட்சை அடிவரை மிதிக்க முடியாமல் பாதியிலேயே கியர் மாற்றினால் கிளட்ச் பிளேட்டும் கியரும் சேர்ந்து தேயும்.

கையில் கிடைத்த போல்ட்

குளச்சல், மணக்குடி பக்கத்து உப்புக்காற்றில் அது தாங்காது. துத்தநாகப் பூச்சுள்ள, 8.8 என்ற வலிமைத் தரத்து போல்ட்டும் நைலான் வளையம் வைத்த நட்டும் போடுங்கள்.

மழை

தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. தையல் வழியே இறங்கும் தண்ணீர் நுரையில் தங்கி, அடித்தகட்டை அரித்துவிடும். கடையிலேயே சீட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் வடிய துளை இல்லையென்றால் வேறு சீட் கேளுங்கள்.