எலுமிச்சைத் தோலில் தரை துடைக்கும் கரைசல்: மூடி விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள்

முதல் தடவை போட்ட பாட்டில் வெடித்துவிட்டது. சித்திரை வெயில், மத்தியானம் 2 மணி. பரண் மேலிருந்து 'டப்'பென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க வெல்லத் தண்ணீர், மிக்ஸி மூடி மேல் ஒரு சாத்துக்குடித் தோல். எட்டிப் பார்த்த அம்மா, "ஏன்டி, ஊறல் ஏதும் போட்டு வச்சிருக்கியா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. வெல்லம், பழத்தோல், தண்ணீர், வெயில். சாமானும் அதேதான், உள்ளே நடப்பதும் கிட்டத்தட்ட அதேதான்.

இதைத்தான் பயோ என்சைம் என்கிறார்கள். பெயரில் என்சைம் இருந்தாலும், கறையை எடுப்பது பெரும்பாலும் புளிக்கும்போது உண்டாகும் அமிலம்தான் என்பது என் கட்சி. கிருமியெல்லாம் சாகும் என்று சொல்லிக் கொடுப்பவர்களை நம்பாதீர்கள். தரை, சிங்க், கழிப்பறை, உப்புக்கறை, இவற்றுக்கு நன்றாக வேலை செய்யும். அது போதும் எனக்கு.

அளவு 1:3:10. அதாவது 100 கிராம் வெல்லம், 300 கிராம் தோல், 1 லிட்டர் தண்ணீர். எலுமிச்சை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு, நார்த்தங்காய் எதுவானாலும் சரி. வீட்டுத் தோல் மட்டும் 300 கிராம் சேர ரொம்ப நாளாகும். ஜூஸ் கடையில் கேளுங்கள், பை நிறையத் தருவார்கள். ஊறுகாய்த் தோலும் அழுகிய தோலும் வேண்டாம். வண்டிக்குச் சுற்றிப்போட்ட குங்கும எலுமிச்சை ஆகுமா என்று என் நாத்தனார் கேட்டாள். அதை விட்டுவிடுங்கள். வெல்லத்தில் மண்டை வெல்லம் போதும். பாகாய் இளகிப்போய் பொங்கலுக்கு உதவாத பழைய வெல்லம் இருந்தால் இன்னும் நல்லது. கருப்பட்டியைப் போட்டு வீணாக்காதீர்கள்.

2 லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் அகலமான டப்பாதான் வசதி என்பார்கள். முதல்முறை செய்பவருக்கு நான் பாட்டிலைத்தான் சொல்வேன். அமுக்கிப் பார்த்தாலே உள்ளே காற்று எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். கண்ணாடி மட்டும் வேண்டவே வேண்டாம். வெல்லத்தை நுணுக்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றி, விரல் அகலத்துக்கு நறுக்கிய தோலைப் போட்டு மூடுங்கள். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும். நான் கழுத்துவரை நிரப்பியிருந்தேன். தேதியை எழுதி ஒட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

இனிதான் மூடி. மூன்றாம் நாளிலிருந்து பாட்டில் கல் மாதிரி இறுகும். முதல் இரண்டு வாரம் காலையிலும் இரவிலும் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். ஒரே திருகில் திறந்தால் முகத்தில் பீய்ச்சும். கால் திருகு திருகி, 'ஸ்ஸ்' என்று வரும்போது அப்படியே பிடித்து நிறுத்துங்கள். சத்தம் அடங்கியதும் முழுக்கத் திறந்து, உடனே இறுக்கி மூடி, ஒரு குலுக்கு. ஒரு மாதம் வரை தினம் ஒரு தடவை, அப்புறம் வாரம் ஒரு தடவை. எனக்கு மறதி அதிகம் என்பதால் பால் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். பால் பொங்கக் காத்திருக்கும் நேரம் இதற்குத் தாராளம். ஊருக்குப் போவதாக இருந்தால் மூடியைத் தளர்த்தி, அடியில் ஒரு தட்டு வைத்துவிட்டுப் போங்கள்.

மூன்று மாதத்தில் காற்று வருவது நின்று, நிறம் பழுப்பாகி, புளித்த காடி வாசனை வரும். வெள்ளைத் துணியில் வடிகட்டினால் தீர்ந்தது. சக்கையை அடுத்த பாட்டிலில் கொஞ்சம் போட்டால் அது சீக்கிரம் புளிக்கும். மீதி சக்கையில் குத்துவிளக்கைத் தேய்த்துப் பாருங்கள், புளி மிச்சம்.

தரை துடைக்க அரை வாளித் தண்ணீருக்கு ஒரு சின்ன டம்ளர். எங்கள் போர் தண்ணீர் குழாயில் படிய வைக்கும் வெள்ளை உப்புக்கு, கரைசலில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விட்டுத் தேய்ப்பேன். எண்ணெய்ப் பிசுக்கு இதில் மட்டும் போகாது. அதற்குப் பூந்திக்கொட்டை வேண்டும். விதை எடுத்த 15 கொட்டையை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறப்போட்டு, காலையில் 20 நிமிடம் கொதிக்கவிட்டுப் பிசைந்து வடிகட்டுங்கள். உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். வெளியே வைத்தால் இரண்டு நாளில் கெட்டுவிடும் என்பதால் அவ்வப்போது கொஞ்சமாகச் செய்யுங்கள்.

வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலக்கும் வீடியோக்களைப் பற்றிக் கேட்காதீர்கள். பொங்குவதைப் பார்க்க நன்றாக இருக்கும். பொங்கி அடங்கியபின் அமிலமும் இல்லை, சோடாவும் இல்லை.

பின்சேர்க்கை: மேலே வெள்ளை ஆடை படிந்துவிட்டது என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். பயப்பட வேண்டாம், குலுக்கிவிடுங்கள். கறுப்பாகவோ பச்சையாகவோ பூத்து நாற்றம் அடித்தால் கொட்டிவிட்டு, புதிதாகப் போடுங்கள்.

இன்னொன்று. ஒருவர் வீட்டுக் கடப்பா மேடையில் இது சிந்தி, பளபளப்பு போய்த் திட்டாகிவிட்டதாம். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கடப்பா, மார்பிள், மொசைக், மூன்றையும் அமிலம் அரிக்கும். அங்கே பூந்திக்கொட்டைத் தண்ணீர் மட்டும்தான்.

பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: கூடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். கழிப்பறையில் முதல்நாள் பிளீச்சிங் போட்டிருந்தால் நன்றாகத் தண்ணீர் விட்டு அலசி, மறுநாள்தான் இதை ஊற்ற வேண்டும்.